கரண்டுக்கும் ஒரு சேமிப்புக் கணக்கு



வீட்டில் சோலார் போடக் கடன் வேண்டும் என்று பல குழுக்களிலிருந்து மனு வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கடன் எழுதுவதற்கு முன் நாம் எல்லோரும் ஒரு பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. நாங்களே ஒரு தவறு செய்துதான் இதைக் கற்றுக்கொண்டோம்.

நடந்தது என்ன?

நம் கூட்டமைப்பில் தையல் தொழில் செய்யும் அக்கா ஒருவர் குழுக்கடன் வாங்கி, பேட்டரியோடு சோலார் போட்டார். ராத்திரியிலும் மிஷின் ஓடியது. இரண்டு வருஷம் கழித்து கூட்டத்தில் எழுந்து, "பேனல் நல்லாத்தான் இருக்கு, வெயிலும் அடிக்குது. பேட்டரிதான் செத்துப்போச்சு. இன்னும் எட்டுத் தவணை பாக்கி இருக்கு" என்று அழுதார். மனுவைப் பரிந்துரை செய்தவர்கள் நாங்கள். "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவே இல்லை.

சேமிப்பு ஏன் தேவை?

வெயில் உச்சத்தில் இருப்பது மத்தியானம். நமக்கு விளக்கும் மின்விசிறியும் வேண்டியது பொழுது சாய்ந்த பிறகு. நாட்டுக்கும் இதே கதைதான். 2025 ஜூன் நிலவரப்படி, இந்தியாவில் நிறுவியுள்ள மின் உற்பத்தித் திறனில் பாதி சூரியன், காற்று, நீர், அணு போன்ற வழிகளில் வருகிறது. 2030-க்குள் இதை 500 ஜிகாவாட் ஆக்குவது அரசின் இலக்கு. ஆனால் சூரியன் ராத்திரி வராது. நம் ஊர்க் காற்றாலைகளும் மே முதல் செப்டம்பர் வரைதான் நன்றாகச் சுற்றும். அதனால் மிஞ்சும் கரண்டைச் சேர்த்துவைக்க வழி வேண்டும்.

கோவை மாவட்டம் காடம்பாறையில் 1980-களின் கடைசியிலேயே 400 மெகாவாட் திறனில் இதைச் செய்துவிட்டார்கள். கரண்ட் மிஞ்சும்போது கீழ் அணையின் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றுவார்கள். தேவை கூடும்போது அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். நாம் மாதாமாதம் குழுவில் பணம் போட்டு, அவசரத்துக்கு எடுப்பது போலத்தான் இதுவும். வீட்டில் அந்த வேலையைச் செய்வது பேட்டரி.

சோலாரில் இரண்டு வகை

1. மின்வாரிய லைனோடு சேர்ந்தது. இதில் பெரும்பாலும் பேட்டரி இருக்காது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என மானியம் அறிவித்தார்கள். ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். ஊரில் கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

2. பேட்டரியோடு உள்ளது. கரண்ட் போனாலும் எரியும். பேனல் 25 வருஷம் உழைக்கும். சாதாரண ஈய பேட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம்தான்.

கணக்குப் போடுவோம்

அந்த அக்காவின் ராத்திரிச் செலவு இது:

- தையல் மிஷின் மோட்டார் 100 வாட், 4 மணி நேரம் = 400
- மின்விசிறி 75 வாட், 6 மணி நேரம் = 450
- 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு, 5 மணி நேரம் = 90

மொத்தம் 940. ஏறக்குறைய ஒரு யூனிட்.

அவரிடம் இருந்தது 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி. இரண்டையும் பெருக்கினால் 1,800. ஆனால் ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அப்படியென்றால் எடுக்கக் கூடியது 900. இன்வெர்ட்டரில் கொஞ்சம் வீணாகும். தினமும் அளவுக்கு மீறி எடுத்ததால்தான் பேட்டரி சீக்கிரம் போனது. தையலைப் பகலுக்கு மாற்றினால் ராத்திரிச் செலவு 540 தான். பகலில் மிஷின் வெயிலிலேயே நேராக ஓடிவிடும்.

பேட்டரிக்குத் தனிச் சேமிப்பு

புது பேட்டரி 15,000 ரூபாய், நான்கு வருஷம் வரும் என்று வைத்துக்கொள்வோம். 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 313 ரூபாய். கடன் தவணையோடு இதையும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று பார்த்த பிறகே கடன் எழுத வேண்டும்.

பராமரிப்பு

- மாதம் ஒருமுறை தண்ணீர் அளவு பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.
- காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அடுப்பு, சாமி விளக்குப் பக்கத்தில் வேண்டாம். சார்ஜ் ஆகும்போது தீப்பிடிக்கும் வாயு வரும்.
- பழைய பேட்டரியை உடைக்காதீர்கள். ஈயம் குழந்தைகளுக்கு விஷம். கடையில் மாற்றிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

அந்த அக்காவின் குழு தவணையைத் தள்ளிவைத்து, உள்கடனில் பேட்டரி வாங்கிக் கொடுத்தது. "இப்பல்லாம் அஞ்சு மணிக்கே மிஷினை மூடிடுறேன் மேடம்" என்கிறார். பேட்டரிச் சேமிப்பும் தவறாமல் கட்டிவருகிறார்.

குழுவில் பேச வேண்டியவை

1. உங்கள் வீட்டு ராத்திரிச் செலவு எத்தனை வாட்-மணி? எழுதிப் பாருங்கள்.
2. எந்த வேலையைப் பகலுக்கு மாற்றலாம்?
3. சோலார் கடனுக்குப் பேட்டரிச் சேமிப்பு கட்டாயம் என்று தீர்மானம் போடலாமா?

உங்கள் முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.