படியேறினால் மட்டும் நெஞ்சு வலிப்பது ஏன்?

மாடிப்படி ஏறும்போது ஒருவருக்கு நெஞ்சு இறுக்குகிறது. சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. மருத்துவமனையில் படுக்கவைத்து எடுத்த இசிஜி வரைபடத்திலும் குறை தெரியவில்லை. அப்படியென்றால் அவர் இதயம் நலமா? அவசரப்பட்டு ‘ஆம்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

இதயத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை இதயத் தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து பாதை குறுகுவதே இதயத் தமனி நோய். நம் கை, கால் தசைகள் ஓய்வில், இரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய கால் பங்கையே எடுக்கின்றன. வேலை கூடினால் மீதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசையோ ஓய்விலேயே முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது! மேலும் ஆக்ஸிஜன் வேண்டுமானால், மேலும் இரத்தம் வந்தே ஆகவேண்டும். குறுகிய தமனி ஓய்வில் சமாளித்துவிடும். படியேறும்போது அதனால் முடியாது.

ஆகவேதான் நெஞ்சில் மின்முனைகளை ஒட்டி, டிரெட்மில்லில் நடக்கவிட்டு இசிஜி எடுக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டல் நகர இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முதல் 3 நிமிடங்களுக்கு வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் 10 விழுக்காடு ஏற்றம் இருக்கும். பிறகு 3 நிமிடத்திற்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும். 220இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 விழுக்காட்டை எட்டுவது வழக்கமான இலக்கு. 50 வயதுக்காரருக்கு அது நிமிடத்திற்கு ஏறக்குறைய 145 துடிப்பு. வலி கூடினாலோ இரத்த அழுத்தம் சரிந்தாலோ உடனே நிறுத்திவிடுவார்கள்.

இசிஜி கோட்டில் உயர்ந்த கூர்முனையை அடுத்து வரும் பகுதிக்கு ‘எஸ்டி’ என்று பெயர். அது 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தாழ்ந்து, கிடையாகவோ கீழ்நோக்கியோ சென்றால் இதயத் தசைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. தமனியில் குறையில்லாத சிலருக்கும் கோடு தாழும். பெண்களிடம் இது கூடுதல். மறுபுறம், இலேசான அடைப்பு இந்தச் சோதனையில் சிக்காது. அந்தச் சிறு படிவு வெடித்து இரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரலாம். அதனால் வயது, புகைப்பழக்கம், நீரிழிவு எல்லாவற்றையும் சேர்த்தே மருத்துவர் எடைபோடுவார்.

சிகிச்சைக்குப் பிறகும் இச்சோதனை உதவும். முன்பு 4ஆம் நிமிடத்தில் வலித்தவர் இப்போது வலியின்றி 9 நிமிடம் நடந்தால், அது நல்ல முன்னேற்றம்.

ஓய்விலேயே நெஞ்சு வலித்து வியர்த்துக் கொட்டுபவருக்கு இந்தச் சோதனை கூடாது. அவருக்கு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999.