டிசம்பருக்கு முன்னால்

அன்புப் பேத்திக்கு,

எஸ்.பி.எம். தேர்வுக்கு நீ 1941 பற்றி எழுதிய குறிப்பைப் படித்தேன். டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கியது, பேர்ல் ஹார்பரில் குண்டு விழ அப்போது இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது என்று தொடங்கியிருக்கிறாய். எல்லாம் சரிதான். ஆனால் அந்த வருஷத்தில் அதற்கு முன் பதினொரு மாதம் இருந்ததே, அம்மா! நம் கிள்ளான் தோட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனம் வாடிப்போய்விட்டது.

ஐரோப்பாவில் 1939இல் சண்டை மூண்டதும் ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. சாமான் விலையும் கூடவே ஏறியது. நம் பால்வெட்டுக்காரர்களின் கூலி மட்டும் நாளுக்கு ஐம்பது காசை ஒட்டியே கிடந்தது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளிக்கு அதைவிட அதிகம். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் தோட்டம் தோட்டமாக ஆட்களைத் திரட்டினார்கள். 1941 மார்ச்சில் வேலைநிறுத்தம் வெடித்தது.

அவர்கள் கேட்டவற்றைப் பார். சமக் கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, மருத்துவம். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் தொரைமாரும் கிராணிமாரும் முறைகேடாக நடப்பது நிற்க வேண்டும். இவற்றோடு ஒன்று: தொரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி வேண்டும்.

இந்த ஒன்றைத் தாண்டிப் போய்விடாதே. செம்மண் பாதையில் ஒருவர் சைக்கிளில் வருகிறார், ஹேண்டிலில் தூக்குச்சட்டி ஆடுகிறது. எதிரே தொரை. உடனே இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். என் அப்பா அப்படி நின்றவர். அந்த வழக்கம் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும், பின்னால் கார் சத்தம் கேட்டால் அவருடைய இடது கால் தானாகத் தரையில் ஊன்றும். சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தது அது. ஐந்து காசு, பத்து காசு கூலி உயர்வைவிட அந்தக் காலுக்காகத்தான் அவர்கள் எழுந்தார்கள் என்று நான் நினைக்கிறேன்.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுவிக்கச் சொல்லித் தொழிலாளர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். சிலாங்கூரில் அவசர நிலை வந்தது, இந்தியச் சிப்பாய்களையே கொண்டுவந்து இறக்கினார்கள். துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

பிறகுதான் உன் டிசம்பர். வடக்கிலிருந்து ஜப்பானியச் சிப்பாய்கள் எதில் வந்தார்கள் தெரியுமா? பல்லாயிரம் பேர் சைக்கிளில்! டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே தார்ச்சாலையில் கடகடவென்று மிதித்தார்கள். 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் அவர்கள் கைக்குப் போனது. ஆனால் நம்மவர்களுக்கு அதனால் விடிவு வரவில்லை. ஆயிரமாயிரம் பேரைச் சயாமுக்கு ஏற்றிப் போனார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதை போடப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. அதைத் தனிக் கடிதமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை வகுப்பு இல்லையென்றால் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்கு வா. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடக்கிற தூரந்தானே அது. என் அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, நினைவு இன்னும் கலங்கவில்லை. லயத்து வாசலில் நின்று வேலைநிறுத்த ஊர்வலங்களைப் பார்த்தவர் அவர். சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை மடிக்கும்போது பேச்சுக் கொடு. ஜப்பான்காரனைப் பற்றி முதலில் கேட்டுவிடாதே, அழுதுவிடுவார். மார்ச்சிலிருந்து கேள்.

அன்புடன்,
தாத்தா