கடலடியில் ஒரு கண்ணாடி வழி

சென்னைக்குக் கிழக்கே, வங்கக் கடலில் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தொலைவில் போர்ட் பிளேர் அமைந்துள்ளது. 2024ஆம் ஆண்டு அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. கப்பலில் செல்வோர்க்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். வானூர்தியில் செல்வோர்க்கு இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகும். இணையத்தில் செல்லும் செய்தியோ 2020 வரை இவ்விரண்டையும் விட நெடிய சுற்றுவழியில் பயணம் செய்தது.

அவ்வழி வானில் இருந்தது. தீவிலிருந்து புறப்படும் செய்தி, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோளை அடைந்து, அங்கிருந்து மீண்டும் தரைக்கு இறங்க வேண்டும். ஒருவர் பேசியது சென்று, மற்றவரின் மறுமொழி திரும்பி வருவதற்குள் அரை நொடி கழிந்துவிடும். அரை நொடி மிகச் சிறிது எனத் தோன்றலாம். ஆயினும், தொலைபேசியில் இருவரும் ஒருசேரப் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மீண்டும் ஒருசேரத் தொடங்கும் இடர்ப்பாட்டிற்கு அதுவே போதும்.

இதனினும் பெரிய குறை ஒன்று இருந்தது. செயற்கைக்கோள் வழியே அனுப்பக்கூடிய தரவின் அளவு குறைவு. அதற்காகும் செலவு மிகுதி. ஏறத்தாழ நான்கு இலட்சம் மக்கள் அக்குறுகிய வழியைப் பங்கிட்டுக்கொண்டனர். கையில் புதிய கைப்பேசி இருக்கும். அருகிலேயே கோபுரமும் இருக்கும். ஆனால் அக்கோபுரத்திற்கு வந்து சேரும் தரவு போதாது. வீட்டுக்கு வீடு குழாய் பதித்துவிட்டு, ஊர்க் கிணற்றில் நீரில்லாத நிலை அது. 2020 மார்ச்சு மாதம் நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசித் திரைக்கு மாறியபோது, இக்குறையின் சுமை மாணவர் மீதே விழுந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டு 10 அன்று, சென்னையிலிருந்து தீவுகளுக்குக் கடலடியில் போடப்பட்ட கண்ணாடி இழை வடம் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். வடத்தின் உள்ளே தலைமுடியளவே பருமனுடைய கண்ணாடி இழைகள் உள்ளன. செய்தி ஒளியாக மாறி அவற்றினூடே ஓடுகிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்லும். எனவே சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஒளி சென்று திரும்ப, ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. நெடுந்தொலைவில் ஒளி மங்கிவிடும் ஆதலால், வழியில் இடையிடையே அதனைப் பெருக்கும் கருவிகள் வடத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றிற்கான மின்சாரம் கரையிலிருந்தே அனுப்பப்படுகிறது.

இப்பணிக்கு ஆன செலவு ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய். 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்புப்படி அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 32,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. இத்தொகையைக் கட்டணமாகத் திரும்பப் பெறுவது எளிதன்று. ஆதாயம் ஒன்றையே கருதும் நிறுவனம் இப்பணிக்கு முன்வராததில் வியப்பில்லை. அப்படியாயின் பணம் எங்கிருந்து வந்தது? தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டை, ஊரகங்களுக்கும் தொலைநிலங்களுக்கும் சேவை அளிப்பதற்கான பொது நிதிக்குச் செலுத்த வேண்டும் என்பது விதி. அந்நிதியே இவ்வடத்திற்குச் செலவிடப்பட்டது. தில்லியிலும் கொல்கத்தாவிலும் கைப்பேசிக் கட்டணம் செலுத்துவோர், தாம் அறியாமலே இத்தீவுகளுக்கு வழி அமைத்திருக்கின்றனர். இலட்சத்தீவுகளின் 11 தீவுகளைக் கொச்சியுடன் இணைக்கும் வடமும், 2024 சனவரியில், இந்நிதியின் துணையாலேயே பயன்பாட்டிற்கு வந்தது.

எனினும் வடம் எல்லாத் தீவுகளிலும் கரையேறவில்லை. போர்ட் பிளேர், ஹேவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவு, லாங் தீவு, ரங்கத், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களை அது தொடுகிறது. கமோர்ட்டாவிற்கு அண்மையில் கச்சால் என்னும் தீவு உள்ளது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள், இரப்பர்த் தோட்டப் பணிக்காகக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. கரையேறும் இடங்களின் பட்டியலில் கச்சாலின் பெயர் இல்லை.

வடம் கரையேறிய தீவிலும், கரையிலிருந்து வீடு வரையுள்ள வழி தனியே அமைக்கப்பட வேண்டும். காட்டையும் ஓடையையும் கடந்து கம்பம் நட வேண்டும். மின்சாரம் தடைபடாதிருக்க வேண்டும். மாதக் கட்டணம் குடும்பத்திற்குக் கட்டுப்படியாக வேண்டும். நொடிக்கு 512 கிலோபிட் வேகத்தையே ‘அகலக்கற்றை’ என நாம் நெடுநாள் கூறி வந்தோம். 2023இல்தான் அவ்வரையறை 2 மெகாபிட்டாக உயர்ந்தது. 100 மெகாபைட் அளவுள்ள பாடக் காணொளியை இறக்க, பழைய வேகத்தில் ஏறத்தாழ 26 நிமிடம் ஆகும். புதிய வேகத்தில் ஏழு நிமிடம் போதும். 26 நிமிடம் என்பது பள்ளியில் ஒரு பாடவேளையின் பெரும்பகுதி.

சொற்பொருள்
வடம் – தடித்த கயிறு. இங்கு, இழைகள் அடங்கிய கேபிள்
அகலக்கற்றை – மிகுந்த தரவை விரைவாகக் கடத்தும் இணைய இணைப்பு
இடர்ப்பாடு – துன்பம், தொல்லை
தொலைநிலம் – எளிதில் சென்றடைய இயலாத பகுதி

சிந்தித்து எழுதுக
1. ‘ஊர்க் கிணற்றில் நீரில்லாத நிலை’ என்னும் உவமையில் கிணறு எதனைக் குறிக்கிறது? குழாய் எதனைக் குறிக்கிறது?
2. தலைக்கு ஆன செலவைக் காட்டி, ‘இவ்வளவு சிலருக்கு இவ்வளவு பணமா?’ என ஒருவர் வினவுகிறார். கச்சாலில் படிக்கும் மாணவி ஒருத்தி அவருக்கு எழுதும் மறுமொழிக் கடிதத்தைப் பத்து வரிகளில் எழுதுக.
3. உங்கள் வீட்டிற்கு இணையம் எவ்வழியாக வருகிறது? பெற்றோரிடம் கேட்டறிந்து, கம்பம், கோபுரம், வடம் ஆகியவற்றை வரைந்து காட்டுக.