கடன் தீராத காரை வாங்கியவர் பணத்தை மீட்கும் வழி

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது என்ஜினைத் திறந்து பார்க்கிறோம். கார் யாருடைய சொத்து என்று பார்க்க மறந்துவிடுகிறோம். மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தவணைக் கடனில் எடுத்த கார், கடைசித் தவணை கட்டி முடியும்வரை வங்கியுடையது. தன்னிடம் இல்லாத உரிமையை விற்றவர் உங்களுக்குத் தர முடியாது. அவர் தவணையை நிறுத்துவார். வங்கியின் 21 நாள் நோட்டீஸ் அவர் முகவரிக்கே போகும். காரை இழுக்க ஆள் வந்து நிற்கும்போதுதான் உங்களுக்கு விஷயம் தெரியும்.

அப்போது காரை ஒளித்து வைக்காதீர்கள். வந்தவரின் பெர்மிட்டைக் கேட்டுப் படம் எடுங்கள். எந்த வங்கி என்று எழுதிக்கொள்ளுங்கள். காரின் மொத்த ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டப்பட்டிருந்தால் கோர்ட் உத்தரவு இல்லாமல் இழுக்க முடியாது. அதையும் கேளுங்கள். பிறகு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள்.

அடுத்தது விற்றவருக்கு எழுதும் கடிதம். முழு வழக்கும் இதில்தான் நிற்கிறது. ஏன் என்பதற்கு ஒரு பழைய வழக்கு: இங்கிலாந்தில் பட்டர்வொர்த் என்பவர் 1951-இல் 1,275 பவுன் கொடுத்து ஜோவெட் ஜாவெலின் கார் வாங்கி, ஏறக்குறைய ஓராண்டு ஓட்டினார். தவணை பாக்கி இருந்த கார் அது. நிதி நிறுவனம் உரிமை கோரியதும், காரை ஏற்கமாட்டேன், பணம் வேண்டும் என்று விற்ற கடைக்கு எழுதினார். அதற்குப் பிறகுதான் பாக்கிக் கடன் கட்டப்பட்டது. இப்போது உரிமை சரியாகிவிட்டதே என்று கடை வாதாடியது. காரின் விலையும் அதற்குள் 800 பவுனுக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் நீதிமன்றம் 1,275 பவுனையும் திருப்பித் தரச் சொன்னது. அவர் பணம் கொடுத்தது உரிமைக்கு. அது கிடைக்கவே இல்லை. மறுபயன் முற்றாகப் பொய்த்தது என்று சட்டம் சொல்வது இதைத்தான். விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்ற விதி நமது 1957 பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவிலும் இருக்கிறது.

ஆகவே, 'லோனைக் கட்டி முடிங்க அண்ணே' என்று வாட்ஸ்அப்பில் கெஞ்சாதீர்கள். விற்றவர் கடனை அடைப்பதற்கு முன்பே, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முழுப் பணத்தையும் இத்தனை நாளுக்குள் தாருங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகலும் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். பணம் மாற்றிய சிலிப், விளம்பரப் படம், கிராண்ட் (வாகன உரிமைச் சான்று) நகல் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

விற்றது கார் கடை என்றால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை. 3 ஆண்டுக்குள் பதிய வேண்டும். அங்கே பொதுவாக வக்கீலுக்கு அனுமதி இல்லை, நீங்களே பேசலாம். சொல்லாமல் மறைத்த அடமானம் எதுவும் பொருள்மேல் இருக்கக்கூடாது என்று 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உத்தரவாதம் தருகிறது. அதையே முன்வையுங்கள். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாதது குற்றம். தனியாள் விற்றிருந்தால் தீர்ப்பாயம் உதவாது, மாஜிஸ்திரேட் கோர்ட்தான். அங்கே 100,000 ரிங்கிட் வரை வழக்குப் போடலாம். காலக்கெடு 6 ஆண்டு.

சம்போங் பாயார் முறையில், கடன் இருப்பது தெரிந்தே தவணையைத் தொடர ஒப்புக்கொண்டவர்களுக்கு இந்த வழி பெரிதும் அடைபட்டுவிடும். எதையும் மறைத்தார்கள் என்று அவர்கள் சொல்ல முடியாது. மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் இறங்கவே வேண்டாம்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பவர் கையில் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். வங்கியின் செட்டில்மெண்ட் கடிதத்தைக் கேளுங்கள். பாக்கிக் கடனை நேரே வங்கியில் கட்டுங்கள். பாடாங் ஜாவாவிலோ வங்சா மாஜுவிலோ ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவில் உங்கள் பெயர் ஏறிய பிறகே மீதியைக் கொடுங்கள்.