வாவிக்கரையிற் சமயத்தாரின் கூட்டுழைப்பு: சைவாசிரியர்க்கு ஒரு பாடம்

பிறசமயத்தாரோடு கூடி ஊர்ப்பணி செய்தல் சைவநெறிக்கு ஒக்குமா என்னும் வினா ஆசிரியரிடையே அடிக்கடி எழுகின்றது. அங்ஙனங் கூடுதல் மாணாக்கரின் சமயப்பற்றைத் தளர்த்தும் என்று ஒருசாரார் அஞ்சுவர். எல்லாச் சமயமும் ஒன்றே என்று சொல்லிவிட்டால் வேற்றுமை ஒழிந்துபோம் என்று மற்றொருசாரார் கருதுவர். இவ்விரண்டும் ஆராயத்தக்கன. சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அடுத்தடுத்து வாழும் மட்டக்களப்பு நாட்டில் இருந்துகொண்டு இதனை ஆராயும் எமக்கு, நூலும் சான்றாகும்; நாடும் சான்றாகும்.

முதற்கண் நூலை நோக்குவாம். அருணந்தி சிவாசாரியர் அருளிய சிவஞானசித்தியார் பரபக்கம், சுபக்கம் என இருபகுதியாய் அமைந்தது. பரபக்கத்திற் பிறமதக் கொள்கைகளை ஒவ்வொன்றாய் எடுத்து மறுத்த அவ்வாசிரியரே, சுபக்கத்தில், எத்தெய்வத்தை ஒருவர் வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அவ்வழிபாட்டை ஏற்றுப் பயன் அளிப்பவன் சிவபெருமானே என்று தெளிவித்தார். இவை தம்முள் முரணுவன அல்ல. கொள்கையை ஆராய்ந்து மறுத்தல் அறிவின் தொழில். அக்கொள்கை உடையாரைப் பகையாதிருத்தல் அன்பின் தொழில். எல்லாம் ஒன்றே என்று சொல்லி ஆராய்ச்சியைக் கைவிடுவானும், ஆராய்ச்சியைச் சாக்காகக் கொண்டு அயலானைப் பகைப்பானும் சித்தியாரின் ஒரு பாதியையே கற்றவராவர்.

இனி நாட்டை நோக்குவாம். வாவிக்குக் கிழக்கே கடலோரமாகக் கிடக்கும் நிலம் எழுவான்கரை. மேற்கே வயல் பரந்த நிலம் படுவான்கரை. எழுவான்கரை வழியே தெற்கு நோக்கிச் செல்வார்க்குக் காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊரும் தமிழூரும் மாறிமாறித் தோன்றும். இவ்விரு சாராரிடத்தும் தாய்வழிக் குடிமுறை உண்டு. தாயின் குடியே பிள்ளையின் குடி. மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்தலும் இருவர்க்கும் பொது. கோயிலிற் குடிகளின் சார்பாக வண்ணக்கர் பொறுப்பு வகிப்பது போலவே, பள்ளிவாசலிற் குடிகளின் சார்பாக மரைக்காயர் பொறுப்பு வகிப்பர். வழிபாடு வேறு, பொதுக்காரியத்தைக் குடிதோறும் பகிர்ந்து ஏற்கும் முறை ஒன்று.

வயல்வெளியில் இவ்வுண்மை இன்னும் விளங்கும். வட்டை எனப்படும் வயற்றொகுதியில் இருசமயத்தார் காணிகளும் அயலயலாகக் கிடத்தல் உண்டு. வாய்க்காலைத் துப்புரவாக்கல், வேலி அடைத்தல், நீரை முறைப்படி விடுதல் என்பவற்றை வட்டை விதானை மேற்பார்வை செய்வார். ஒருவர் காலம் பிந்தி விதைப்பின் அயல்வயலுக்கும் இடர். மேல்வயலார் நீரை மறிப்பின் கீழ்வயலார்க்கு விளைவு இல்லை. ஆதலின் எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வருதல் இன்றியமையாததாயிற்று. இஃது உபதேசத்தால் வந்த ஒற்றுமை அன்று. தொழிலின் தேவையால் வந்த ஒழுங்கு.

இவ்வொழுங்கு கல்வித்துறையினும் பயன்படும் என்பதற்கு விபுலானந்த அடிகளின் வாழ்வு சான்று. 1892 ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்த அடிகள், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். கிறித்தவர் நடாத்திய கல்விச்சாலைகள் அவர்தம் அறிவை வளர்த்தன, சைவப்பற்றை அழித்தில. 1922 இல் இராமகிருஷ்ண சங்கத்தைச் சேர்ந்து, 1924 இற் சந்நியாசம் பெற்று, 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். மிஷன் பாடசாலையிற் கற்ற எம்மனோர்க்கு இது பெருந்துணையான சான்று. வேரூன்றிய பற்று பிறர் வீட்டு விளக்கொளியிற் படிப்பதால் அழிவதில்லை.

அடிகளோடு சேர்த்து மாணாக்கர்க்கு அறிவிக்கத்தக்க மற்றொருவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். இவர் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம். வண்ணார்பண்ணையில் இராமகிருஷ்ண சங்கத்தார் நடாத்திய வைத்தீசுவர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். 1942 இற் பர்மா நாடு யப்பானியர் வசப்பட்டதும், அந்நாட்டு அரிசியை நம்பியிருந்த இலங்கை உணவுக்கு இடருற்றது. அவ்வாண்டிலேயே அஸீஸ் அவர்கள் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பெற்று, நெற்செய்கையைப் பெருக்கும் பணியை மேற்கொண்டார். அக்காலத்திலேதான் அடிகளோடு நெருங்கிப் பழகினார். அதே ஆண்டிற் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அவர் முயற்சியால் தோன்றியது. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார்.

இங்கு ஊன்றி நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. அடிகள் காவியுடையைக் களைந்தாரல்லர்; அஸீஸ் அவர்கள் இஸ்லாத்தில் ஒரு சிறிதும் நெகிழ்ந்தாரல்லர். சைவர் நடாத்திய பாடசாலை ஒரு முஸ்லிமைச் சைவனாக்க முயலாது கல்வியை மட்டும் வழங்கிற்று. அக்கல்வி பெற்றவர் தம் சமூகத்தை உயர்த்தினார். அவர் பெருக்கிய நெல் எல்லாருக்கும் உணவாயிற்று. கூட்டுழைப்பின் இலக்கணம் இதுவே.

ஆயின் இவ்வொழுங்கு முறியாதது என்று எண்ணுதல் தவறு. 1990 ஆம் ஆண்டு ஆகஸ்டு 3 ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றவர் நூற்றுவருக்கு மேற்பட்டோர் சுடப்பட்டு மாண்டனர். அம்மாதத்திலேயே ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9 ஆம் நாள் சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குழந்தைகளும் பெண்டிரும் முதியோரும் கொல்லப்பட்டனர். ஒரே வட்டையில் நெல் விளைத்தவர் ஒருவரூர்க்கு ஒருவர் செல்ல அஞ்சினர். அந்நாளிலும் சமாதானக் குழுவில் நின்று இருபாலார்க்கும் உழைத்தவர் உளர். அவருள் அமெரிக்காவிலிருந்து வந்த யேசுசபைத் துறவியான யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் ஒருவர். மிக்கேல் கல்லூரி மாணாக்கர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அவர், 1990 ஆகஸ்டு 15 ஆம் நாள் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியிற் காணாமற் போயினார். உடன்சென்ற தமிழ் இளைஞரும் மீண்டிலர்.

முறிந்ததை ஒட்டுதல் சிறுவரிடத்தே தொடங்கவேண்டும் என்பதை உணர்ந்தோர், 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ச் சிறுவரும் முஸ்லிம் சிறுவரும் அங்கே கூடிச் சித்திரம் தீட்டினர்; மண்ணிற் பாவை செய்தனர்; கதை கட்டினர். சமய விரிவுரை கேட்கச் செய்யாது, கைவேலை செய்ய வைத்தமையே அதன் திறம்.

இவற்றால் ஆசிரியர் மேற்கொள்ளத்தக்கன யாவை? இந்நாட்டிலே தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிற் கற்கின்றனர். பக்கத்தூர்ப் பிள்ளையின் பெயரையும் அறியாது வளர்பவன், அவ்வூரைப் பற்றிய வதந்தி எதனையும் நம்புவான். ஆதலின் மூன்று செயல்களை எம் ஆசிரியர்முன் வைக்கின்றோம்.

முதலாவது, சைவ பாடத்தை ஐயந்திரிபறக் கற்பித்தல். தன் சமயத்தை அறியாதவனே பிற சமயத்துக்கு அஞ்சுவான். சித்தியாரின் இரு கூற்றையும் சேர்த்தே உயர்வகுப்பு மாணாக்கர்க்கு விளக்குக.

இரண்டாவது, அயலூர் முஸ்லிம் பாடசாலையோடும் கிறித்தவப் பாடசாலையோடும் கூடி ஆண்டுக்கு ஒரு பொதுவேலையேனும் செய்தல். வாவியோரத்திற் கண்டல் நாட்டலாம், வாய்க்கால் துப்புரவாக்கலாம், டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் நுளம்பு பெருகாதவாறு நீர் தேங்கும் இடங்களை ஒழிக்கலாம். வேலையைத் தெரிதலும் செலவுக்கணக்கு எழுதுதலும் இருபாற் பொறுப்பாகவே இருத்தல் வேண்டும். வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தையும், கோயிற் றிருவிழா நாளையும், நோன்பு விரத காலங்களையும் விலக்கி நாள் குறிக்க. ஒருவர் வழிபாட்டில் மற்றவரைக் கலக்குமாறு கேளற்க. உணவிலும் அவரவர் நியமம் காக்கப்படுக.

மூன்றாவது, அமைதிக்காலத்திலேயே அயற்பாடசாலை அதிபரோடு பழகிவைத்தல். ஊரில் வதந்தி பிறந்த நாளிற் புதிதாக நட்புத் தேட இயலாது. வதந்தி வந்தவுடன் தொலைபேசியில் அழைத்து உண்மையை வினவத்தக்க ஒருவர் ஒவ்வோர் அதிபர்க்கும் எதிர்த்த ஊரில் இருப்பாராயின், பல பிள்ளைகளின் உயிர் காக்கப்படும். 2019 ஏப்ரில் 21 ஆம் நாள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்துக் குழந்தைகளும் மாண்டபோது, ஒரு சமூகம் முழுவதையும் ஐயுறும் பேச்சு எங்கும் பரந்தது. அத்தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவனைப் பற்றி அவன் பிறந்த காத்தான்குடி முஸ்லிம்களே முன்னரே முறையிட்டிருந்தனர் என்பதை அறிந்த ஆசிரியன், தன் வகுப்பில் அப்பேச்சைத் தடுக்க வல்லவனாவான்.

இம்மூன்றும் பெரும்பொருள் வேண்டுவன அல்ல, விடாமுயற்சி வேண்டுவன. வாய்க்கால் ஆண்டுதோறும் துப்புரவாக்கப்படாவிடின் தூர்ந்துபோம். அயலார் உறவும் அத்தகையதே. வருகின்ற தவணையிலேயே அயற்பாடசாலைக்கு ஒரு திருமுகம் எழுதித் தொடங்குவீராக. திருவருள் முன்னிற்பதாக.