புல்தரைப் பராமரிப்பும் ஓடைநீரின் தன்மையும்

கோல்ப் விளையாட்டு இந்தியாவுக்குப் புதிதன்று. கல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு கழகம் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றிய கோல்ப் கழகங்களுள் மிகப் பழமையானது இதுவே. இன்று பெருநகரங்களிலும் மலை நகரங்களிலும் இத்தகைய மைதானங்கள் உள்ளன. பரந்த இப்புல்வெளிகளின் ஊடே பல இடங்களில் ஓர் ஓடையோ வாய்க்காலோ செல்கிறது. மைதானத்தினுள் நுழையும் நீருக்கும் அதைவிட்டு வெளியேறும் நீருக்கும் வேறுபாடு உண்டா? உண்டெனில், கீழ்ப்புறத்துக் குளத்தையும் அதனை நம்பி வாழ்வோரையும் அது எவ்வாறு பாதிக்கும்? இவ்வினாக்களுக்கு விடை காணும் முறை இங்கு விளக்கப்படுகிறது.

புல்தரைக்கு இடப்படுபவை

கோல்ப் மைதானம் முழுவதும் ஒரே வகையில் பராமரிக்கப்படுவதில்லை. பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றியுள்ள சிறு பரப்பில் புல் சில மில்லிமீட்டர் உயரத்துக்கே வெட்டப்படுகிறது. இவ்வாறு அடிக்கடி வெட்டப்படும் புல் வாடாதிருக்க உரமும் நீரும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன; பூஞ்சை நோய்களைத் தடுக்க மருந்தும் தெளிக்கப்படுகிறது. பந்து செல்லும் நீண்ட வெளியில் பராமரிப்பு இதனினும் குறைவு. ஓரங்களில் புல் உயரமாகவே விடப்படுகிறது. ஆகவே, ஓடைக்கு அருகில் அமைந்துள்ளது மைதானத்தின் எப்பகுதி என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உரம் ஓடையை அடையும் வழிகள்

உரத்தில் உள்ள சத்துக்களுள் இரண்டு இங்கு முக்கியமானவை. முதலாவது நைட்ரஜன். இது நைட்ரேட்டாக மாறியபின் நீரில் எளிதில் கரைகிறது. மண் துகள்கள் இதனைப் பற்றி நிறுத்துவதில்லை. எனவே வேர் உறிஞ்சாத பகுதி நீருடன் கீழிறங்கி, ஊற்றாக மெல்லக் கசிந்து ஓடையைச் சேருகிறது. மழையில்லா நாட்களிலும் இது நிகழும்.

இரண்டாவது பாஸ்பரஸ். இதனை மண் துகள்கள் பெரிதும் பற்றிக்கொள்ளும். அடர்ந்த புல் மண் அரிப்பைத் தடுப்பதால், மண்ணோடு செல்லும் பாஸ்பரஸ் புல்தரையிலிருந்து குறைவாகவே வெளியேறும். இது புல்தரையினால் விளையும் நன்மையாகும். ஆயினும், மண்ணின் மேற்பரப்பில் தங்கிய உரம் பெருமழையில் கரைந்து, வழிந்தோடும் நீருடன் சென்றுவிடுவதைப் புல் முற்றிலும் தடுப்பதில்லை.

ஆஸ்டின் நகர ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஆஸ்டின் நகரில், ஒரு கோல்ப் மைதானத்தின் நீர் 1998 ஏப்ரல் முதல் 2003 மார்ச் முடிய ஐந்தாண்டுக் காலம் அளந்தறியப்பட்டது. நீர் உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் மாதிரிகள் எடுக்கப்பட்டன. மழைக்கால ஓட்டத்தில், வெளியேறும் நீரில் நைட்ரேட்டும் கரைந்த பாஸ்பரஸும் உள்வரும் நீரில் உள்ளதைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருந்தன. ஆண்டொன்றுக்கு ஹெக்டேருக்கு 4.0 கிலோகிராம் நைட்ரேட்-நைட்ரஜனும் 0.66 கிலோகிராம் கரைந்த பாஸ்பரஸும் மைதானத்திலிருந்து வெளியேறின. இவை முறையே, இடப்பட்ட சத்தில் 11.4 சதவீதமும் 8 சதவீதமும் ஆகும். மைதானத்தினால் நீரில் சேர்ந்த செறிவு, லிட்டருக்கு நைட்ரேட்-நைட்ரஜன் 1.2 மில்லிகிராம், பாஸ்பரஸ் 0.2 மில்லிகிராம்.

இவ்விரு எண்களையும் ஒப்பிட்டு நோக்குதல் அவசியம். 14 பங்கு நைட்ரஜன் 62 பங்கு நைட்ரேட்டில் அடங்கியுள்ளது. எனவே 1.2 மில்லிகிராம் நைட்ரஜன் என்பது ஏறத்தாழ 5.3 மில்லிகிராம் நைட்ரேட்டுக்குச் சமம். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மிகக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். இவ்வளவைக் கொண்டு பார்த்தால் அந்நீரில் அச்சத்துக்கு இடமில்லை. ஆனால் பாஸ்பரஸின் நிலை வேறு. ஓடைகளில் பாசி பெருகாதிருக்கப் பரிந்துரைக்கப்படும் அளவு 0.1 மில்லிகிராம், காணப்பட்டதோ அதைப் போல் இரு மடங்கு. நைட்ரேட்டை மட்டும் சோதித்து, "நீர் நன்று" என்று எழுதிவிடும் பணியாளர், கீழ்ப்புறக் குளம் பச்சையாக மாறுவதை முன்னறிய இயலாது.

நன்னீரில் பாசியின் வளர்ச்சியைப் பெரும்பாலும் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸே. அது மிகும்போது பாசி பெருகுகிறது. பாசி மடிந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைப் பயன்படுத்திவிடுகின்றன. இரவில் ஒளிச்சேர்க்கை நடைபெறாததால், விடியற்காலையில் ஆக்ஸிஜன் மிகவும் குறைகிறது. மீன்கள் விடியும் வேளையில் மேலே வந்து வாய் திறந்து தத்தளிப்பதும், சில சமயம் கூட்டமாக மடிவதும் இதனால்தான்.

தடுக்கும் முறைகள்

1. மண்ணைச் சோதித்த பின்னரே உரமிட வேண்டும். மண்ணில் பாஸ்பரஸ் போதிய அளவு இருப்பின் அதனைச் சேர்த்தல் வீண்செலவாகும்.

2. உரத்தை ஒரே தடவையில் இடாது, சிறு அளவுகளாகப் பிரித்து இடுதல் நலம். பெருமழை எதிர்பார்க்கப்படும் நாட்களில் உரமும் மருந்தும் தவிர்க்கப்படல் வேண்டும்.

3. ஓடையின் இரு கரைகளிலும் வெட்டப்படாத உயர்ந்த புற்கள் கொண்ட ஒரு பட்டையை விட்டுவைத்து, அதில் உரமோ மருந்தோ இடாதிருத்தல் வேண்டும்.

4. வெட்டிய புல்லிலும் சத்துக்கள் உண்டு. அதனை ஓடையில் கொட்டலாகாது. தரையிலேயே பரவ விடின் உரத்தேவையும் குறையும்.

5. சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சும் இடங்களில், அந்நீரிலுள்ள சத்தையும் உரக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும்

மாதிரிகளை ஓடை மைதானத்தில் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே நாளில் எடுத்தல் வேண்டும். இடையில் வேறு சாக்கடை கலக்கிறதா என்பதைக் கரையோரமாக நடந்து கண்டறிதல் இன்றியமையாதது. இல்லையெனில் பிறர் செய்த மாசுக்கு மைதானம் பழி சுமக்க நேரிடும். வறண்ட காலத்தில் ஒரு முறையும், மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு முறையும் சோதித்தல் குறைந்தபட்சத் தேவை. உரமிட்ட நாளையும் மழையின் அளவையும் குறித்து வைத்தல் வேண்டும். ஆக்ஸிஜனைச் சூரியோதயத்துக்கு முன்பு அளப்பது சிறந்தது.

கோல்ப் மைதானம் இல்லாத ஊர்களிலும் பூங்கா, பள்ளி விளையாட்டுத் திடல், நெல்வயல் ஆகியவற்றின் அருகே ஓடும் வாய்க்காலில் மாணவர்கள் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். உள்வரும் நீரின் அளவையும் வெளியேறும் நீரின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், அந்நிலம் நீருக்குச் சேர்த்தது எவ்வளவு என்பது புலப்படும்.