இணைப்புக்கும் உறவுமுறை உண்டு!

1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குப் பதிலாக 2025-ல் புதுப்பாலம் வந்தது. பாலம் மட்டும் போதுமா? ரயில் எந்த ஊருக்குன்னு பெட்டியில் பலகை வேணுமே!

வலைப்பக்க இணைப்பும் அப்படித்தான். 'ரெல்' என்ற பண்பு, உறவைக் கணினிக்குச் சொல்லும். 'நெக்ஸ்ட்' என்றால் அடுத்த பக்கம். 'ஆல்டர்னேட்' என்றால் மாற்று வடிவம். அதோடு 'எச்ரெஃப்லாங்' பண்பில் 'டிஏ' என்று சேர்த்தால் தமிழ் வடிவம். இடைவெளி விட்டால் ஒரே 'ரெல்'லில் பல உறவுகளையும் எழுதலாம்.

எங்க வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். கடலுக்குப் போகும் அப்பா, ஒருநாள் ஆங்கில எச்சரிக்கைப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். தமிழ்ப் பக்கமும் இருந்தது. ஆனால் இணைப்பில் "இங்கே அழுத்தவும்" என்று மட்டுமே! கண்டுபிடிக்க அரைமணி ஆச்சு.

கணினிக்கு 'ரெல்', மனிதருக்குத் "தமிழில் படிக்க": இரண்டையும் எழுதுவோம்!